296 யூரோவில் ஸ்பெயின்: தங்கை கணக்கில் எழுதாமல் விட்ட ஒரு செலவு!

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் எங்கள் ஊர் வந்துவிடும். குருபரப்பள்ளி. ஒரு பக்கம் மாந்தோப்பு, இன்னொரு பக்கம் சிப்காட், நடுவில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை. அந்தச் சாலையை ஒட்டித்தான் எங்கள் அப்பாவின் டீக்கடை.

கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் பீகார், ஒடிசா பக்கத்திலிருந்து சிப்காட் வேலைக்கு வந்தவர்கள். மீதிப் பேரில் சிலர் தமிழில் டீ கேட்பார்கள், சிலர் தெலுங்கில், சிலர் கன்னடத்தில். அப்பாவுக்கு எல்லா மொழியிலும் கணக்கு மட்டும் தெரியும். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு. அன்றைய பால், சர்க்கரை, கேஸ், கடன் சொல்லிப் போனவர்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். ராத்திரி கூட்டிப் பார்த்து, கோடு போட்டு மூடினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

இந்தக் கட்டுரையும் ஒரு கணக்கைப் பற்றியதுதான். என் தங்கை ஸ்பெயினுக்குப் போய்வந்த கணக்கு. அவளுக்கு வீட்டில் பாப்பா என்று பெயர். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

ஒரு வீடு, ஒரு பத்திரம்

பாப்பா பர்கூரில் பொறியியல் முடித்தாள். ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. கெம்னிட்ஸ் என்ற ஊர். கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில் அதற்கு கார்ல் மார்க்ஸ் நகரம் என்று பெயர். அங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் டியூஷன் ஃபீஸ் இல்லை. ஆனால் விசா வேண்டுமென்றால், ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் தேவையான பணத்தை 'பிளாக்டு அக்கவுண்ட்' ஒன்றில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2023-ல் அவள் கிளம்பும்போது அந்தத் தொகை 11,208 யூரோ. நம் பணத்தில் கிட்டத்தட்ட பத்து லட்சம் ரூபாய். அங்கே போன பிறகு அதிலிருந்து மாதம் 934 யூரோ எடுத்துக்கொள்ளலாம். வாடகை, இன்ஷூரன்ஸ், சாப்பாடு என எல்லாமே அதற்குள்தான்.

கல்விக் கடனில் நான்கு லட்சம் வரை பிணை கேட்பதில்லை. ஏழரை லட்சம் வரை ஒருவர் ஜாமீன் நிற்கலாம். அதற்கு மேல் போனால் சொத்து காட்ட வேண்டும். எங்களிடம் இருந்தது வீட்டுப் பத்திரம் ஒன்றுதான். அதை வங்கியில் வைத்தார் அப்பா.

அதே சமயத்தில் லண்டனில் இதழியல் மேற்படிப்புக்கு எனக்கும் இடம் கிடைத்திருந்தது. அந்த மெயிலை நான் இன்னும் அழிக்கவில்லை. ஆனால் அங்கே ஃபீஸ் மட்டுமே எங்கள் வீட்டு மதிப்பைத் தாண்டும். "பாப்பாவுக்கு ஃபீஸ் இல்ல, செலவு மட்டுந்தான். உனக்கு ரெண்டும் சேந்து வருதும்மா" என்று நோட்டைப் பிரித்துக் காட்டினார் அப்பா. கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான் சென்னையில் ஒரு வருட இதழியல் டிப்ளமோ சேர்ந்தேன். முடித்ததும் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை கிடைத்தது.

நியாயமான முடிவுதான். நியாயமாக இருந்தால் வலிக்காது என்று யார் சொன்னது?

"அப்பாகிட்ட சொல்லாதக்கா"

2024 பிப்ரவரியில் ஒரு ராத்திரி பாப்பா போன் செய்தாள்.

"அக்கா, மார்ச்ல செமஸ்டர் லீவு. ஸ்பெயின் போய்ட்டு வரலாம்னு இருக்கேன். ஆறு நாள். அப்பாகிட்ட மட்டும் சொல்லாத."

"யார்கூட?"

"தனியாத்தான்."

எனக்குக் கோபம் வந்தது. அதில் எவ்வளவு அக்கறை, எவ்வளவு பொறாமை என்று அன்றைக்குப் பிரித்துப் பார்க்கவில்லை. "பத்திரத்தை வெச்சு வாங்கின காசுல ஊர் சுத்தப் போறியா?" என்று கேட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கடன் காசு இல்லக்கா. என் காசு" என்றாள்.

வாரத்தில் இரண்டு சாயங்காலம் ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஜெர்மனியில் 2024-ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.41 யூரோ. "24 மணி நேரம் நின்னா ஸ்பெயின் வந்துடும்க்கா" என்றாள். அவள் சொன்ன விதத்தில் கிருஷ்ணகிரியிலிருந்து ஒகேனக்கல் போவது போலத்தான் இருந்தது.

விசா செலவும் கிடையாது. ஜெர்மனியின் ரெசிடென்ஸ் பெர்மிட் இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாளில் 90 நாள் வரை போய்வரலாம். மாணவர்கள் பலர் லீவு வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது அதனால்தான்.

சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். தினமும் மூன்று வேளை மெசேஜ் போட வேண்டும் என்பது என் நிபந்தனை.

பார்சிலோனா: ரோட்டோரத்திலிருந்து பார்த்த கோயில்

மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. பெர்லினிலிருந்து விமானம். டிக்கெட் 36 யூரோ. ஆனால் சீட்டுக்கு அடியில் நுழையும் ஒரு பைக்கு மட்டும்தான் அனுமதி. ஆறு நாளுக்கு இரண்டு பேன்ட், மூன்று டாப்ஸ். மீதித் துணியை உடம்பிலேயே போட்டுக்கொண்டாள்.

விமான நிலையத்தில் ஒரு தடுமாற்றம். ஐரோப்பிய பாஸ்போர்ட் இல்லாதவர்கள் செக்யூரிட்டிக்குப் போகும் முன் கவுன்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டி, போர்டிங் பாஸில் முத்திரை வாங்க வேண்டும் என்று அந்த விமான நிறுவனத்தில் அப்போது ஒரு விதி இருந்தது. போனில் போர்டிங் பாஸ் இருக்கிறதே என்று இவள் நேராக உள்ளே போய்விட்டாள். கேட் வரை போனவளைத் திருப்பி அனுப்பினார்கள். ஓடிப்போய் முத்திரை வாங்கிக்கொண்டு கடைசி ஆளாக ஏறினாள். இந்திய பாஸ்போர்ட்டில் மலிவு விலை விமானம் ஏறப்போகிறவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள்.

பார்சிலோனாவில் பத்து முறை போக ஒரு மெட்ரோ கார்டு எடுத்தாள். 12 யூரோ சொச்சம். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் சாதாரண ரயிலிலும் அந்த கார்டு செல்லும். ஆனால் விமான நிலையத்துக்குப் போகும் மெட்ரோவில் செல்லாது. இதைத் தெரிந்துகொள்ள மட்டும் இரண்டு நாள் வீடியோ பார்த்தாளாம்.

சக்ரதா ஃபமிலியா தேவாலயத்துக்குள் போக 26 யூரோ. பாப்பா போகவில்லை. எதிரே இருக்கும் பூங்காவில் உட்கார்ந்து ரொட்டியும் தக்காளியும் சாப்பிட்டபடி வெளியிலிருந்தே பார்த்தாள். 1882-ல் கட்ட ஆரம்பித்தது, அவள் போனபோதும் கிரேன் நின்றுகொண்டிருந்தது. அதை வடிவமைத்த கௌடி 1926-ல் டிராம் மோதி இறந்தார். பழைய துணி போட்டிருந்ததால் யாரோ பிச்சைக்காரர் என்று நினைத்துவிட்டார்கள், அவரை அடையாளம் தெரிந்துகொள்ளவே நேரமானது. இதையெல்லாம் வாய்ஸ் நோட்டில் சொல்லிவிட்டு, "உள்ள போகலைன்னு கஷ்டமா இல்லக்கா. ரோட்டோரத்துல உக்காந்து பெரிய விஷயத்தைப் பாக்கறது நமக்குப் புதுசா என்ன?" என்றாள். எங்கள் கடை பெஞ்சிலிருந்து பார்த்தால் பெங்களூருக்குப் போகும் வண்டியெல்லாம் தெரியும். அதைத்தான் சொல்கிறாள்.

அவளுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம், இங்கிலீஷ், கொஞ்சம் ஜெர்மன் தெரியும். ஸ்பெயினில் பல இடங்களில் எதுவும் எடுபடவில்லை. தெருப் பலகைகளில் கேட்டலான் ஒரு பக்கம், ஸ்பானிஷ் ஒரு பக்கம். "அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டினா போர்டு மாறுமே, அந்த மாதிரி" என்றாள். கடைசியில் கைகொடுத்தது இந்தி. ராவால் என்ற பகுதியில் பாகிஸ்தான், வங்கதேசக்காரர்களின் கடைகள் நிறைய. அது ரம்ஜான் மாதம். மளிகைக் கடை ஒன்றில் தண்ணீர் பாட்டில் விலை கேட்டிருக்கிறாள், நோன்பு திறக்கிற நேரம். கடைக்காரர் ஈச்சம்பழமும் பக்கோடாவும் நீட்டியிருக்கிறார். "எங்கம்மா இந்தி கத்துக்கிட்ட?" என்று அவர் கேட்டதற்கு இவள் சொன்ன பதில்: "எங்க அப்பா டீக்கடையில."

அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. அப்பாவிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது. சொல்ல முடியாது.

வாலன்சியா: கொளுத்துவதற்காகவே கட்டியது

மார்ச் 19-ம் தேதி காலை பஸ் பிடித்து, நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணித்து வாலன்சியா போனாள். அன்றைக்கு அங்கே 'ஃபாயஸ்' திருவிழாவின் கடைசி நாள்.

நம் போகியை ஒரு நகரம் முழுக்கப் பெரிதாக்கினால் எப்படி இருக்கும்? அதுதான் ஃபாயஸ். தெருவுக்குத் தெரு மாடி உயரத்துக்கு பொம்மைகளை அடுக்கி நூற்றுக்கணக்கான சிலைகள் செய்து வைக்கிறார்கள். அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்பவை உண்டு, தேவதைக் கதைகள் உண்டு. பெரிய சிலை ஒன்றுக்கு ஆகும் செலவு லட்சம் யூரோவைத் தாண்டும். புனித சூசையப்பர் திருநாளான மார்ச் 19 இரவில் எல்லாவற்றையும் கொளுத்திவிடுவார்கள். 2016-ல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு நகராட்சி சதுக்கத்தில் பட்டாசு. வெளிச்சத்துக்காக இல்லை, சத்தத்துக்காக மட்டும். தாளம் போல ஏறிக்கொண்டே போய், கடைசியில் தரை அதிர்கிறது. வீடியோ பார்த்த நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன். சாயங்காலம் 'ஒர்சாத்தா' என்று பால் போல ஒரு பானம் குடித்தாள். நம் வயலில் களை என்று பிடுங்கிப் போடும் கோரைக்கு உறவுக்காரச் செடி ஒன்றின் கிழங்கை அரைத்துச் செய்வது. "அம்மாகிட்ட சொன்னா சிரிப்பாங்க" என்று எழுதினாள்.

பிறகு ஒரு மெசேஜ்: "அக்கா, எல்லாத்தையும் கொளுத்திட மாட்டாங்களாம். மக்கள் ஓட்டுப் போட்டு, பெரிய சிலைகள்லேர்ந்து ஒரே ஒரு பொம்மையைக் காப்பாத்துவாங்களாம். சின்னப் பசங்க சிலைலேர்ந்து ஒண்ணு. 1934-ல ஆரம்பிச்ச வழக்கமாம். அதுக்குன்னு மியூசியமே இருக்கு."

'நம்ம வீட்டுல அந்த பொம்மை நீதான்' என்று டைப் செய்தேன். அனுப்பாமல் அழித்தேன்.

அன்றைக்கு எனக்கு இரவுப் பணி. நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மறுநாள் மார்ச் 20-ல் தமிழ்நாட்டில் வேட்புமனுத் தாக்கல் ஆரம்பம். டெஸ்க்கில் எல்லோரும் தொகுதிப் பட்டியலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். நள்ளிரவு 12.40-க்கு பாப்பாவிடமிருந்து ஒரு மெசேஜ்: "பேட்டரி 6%. சார்ஜர் வயரை ஹாஸ்டல்லயே விட்டுட்டேன். இன்னிக்கு ரூம் எடுக்கலக்கா, திருவிழா நேரத்துல நூறு யூரோ கேக்கறாங்க. கொளுத்தறதைப் பாத்துட்டு ஸ்டேஷன்ல உக்காந்துட்டு காலைல டிரெயின். பயப்படாத."

பதில் போட்டேன். ஒரு டிக்தான் விழுந்தது.

ஒற்றை டிக்

அந்த ஒற்றை டிக்கை இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நமக்கு விடிகாலை மூன்றரை, அவர்களுக்கு இரவு பதினொன்று. வாலன்சியாவின் உள்ளூர் சேனல் அந்த எரிப்பை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு திரையில் தொகுதி வாரியாக வேட்பாளர் பெயர்கள், இன்னொரு திரையில் தீ. நகராட்சி சதுக்கத்தில் அந்த வருடம் இரண்டு பெரிய வெள்ளைப் புறாக்களைச் செய்து நிறுத்தியிருந்தார்கள். அவை எரிந்தன. சுற்றிலும் ஆயிரக்கணக்கான தலைகள். அந்தக் கூட்டத்தில் குருபரப்பள்ளித் தலை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

டெஸ்க் வேலை ஒரு கெட்ட பழக்கத்தைக் கொடுத்துவிடும். எதைப் பார்த்தாலும் மனசு தலைப்பு எழுதும். 'ஸ்பெயின் திருவிழாவில் தமிழக மாணவி' என்று ஒரு தலைப்பு என்னைக் கேட்காமலே ஓட ஆரம்பித்தது. அடுத்த வார்த்தை வருவதற்குள் எழுந்துபோய் முகம் கழுவினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏஜென்சி செய்திகளில் 'வாலன்சியா' என்று தேடினேன். எதுவும் இல்லை என்றால் நல்லது என்று அர்த்தம். ஆனால் நல்லது என்று யாரும் செய்தி போட மாட்டார்களே!

காலை ஆறரைக்கு அப்பா கூப்பிட்டார். பால் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"ஏம்மா, பாப்பா நேத்து பேசவே இல்ல. உங்கிட்ட பேசினாளா?"

"பேசினாப்பா. ஏதோ படிக்கணும்னா. தூங்கிட்டிருப்பா."

பொய் சொல்வது கஷ்டமாகவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால், அப்பாவின் வாழ்க்கையில் கடைசி நிம்மதியான காலையாக அது இருந்திருக்கும். அதைக் கொடுத்தவள் பொய் சொன்ன நானாக இருந்திருப்பேன்.

பகல் 11.35-க்கு இரண்டு டிக் விழுந்தது. நீலமானது. "டிரெயின்ல ஏறிட்டேன். இங்க பிளக் இருக்கு, பக்கத்து சீட்டு அக்கா வயர் குடுத்தாங்க. 300 கிலோமீட்டர் வேகம்க்கா!!"

நடந்தது இதுதான். ராத்திரி ஸ்டேஷனைப் பூட்டிவிடுவார்கள் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. வெளியே குளிர். பூசணிக்காய் மாவில் போடும் பணியாரம் விற்ற கடை ஒன்றின் அருகே, அதே ரயிலுக்குக் காத்திருந்த கொலம்பியா மாணவிகள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இவளும் போய் உட்கார்ந்துகொண்டாள். விடியும்வரை மாற்றி மாற்றித் தூங்கினார்கள். டிக்கெட்டை மட்டும் முன்னெச்சரிக்கையாகக் காகிதத்தில் பிரின்ட் எடுத்து வைத்திருந்தாள். போனில் மட்டும் வைத்திருந்தால் ரயிலும் போயிருக்கும்.

மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது. ரயிலேற ஓசூர் போக வேண்டும், இல்லை ஜோலார்பேட்டை. அந்த ஊர்ப் பெண் 19 யூரோ கொடுத்து அதிவேக ரயிலில், இரண்டு மணி நேரத்துக்குள் மாட்ரிட் போய் இறங்கினாள். சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

மாட்ரிட்: இலவச மணி நேரங்கள்

மாட்ரிட்டில் பாப்பா ஒரு மியூசியத்துக்குக்கூட டிக்கெட் வாங்கவில்லை. பிராடோ மியூசியம் திங்கள் முதல் சனி வரை மாலை ஆறிலிருந்து எட்டு மணி வரை இலவசம். ரெய்னா சோஃபியா மியூசியம் செவ்வாய் விடுமுறை, மற்ற வார நாள்களிலும் சனிக்கிழமையும் இரவு ஏழிலிருந்து ஒன்பது வரை இலவசம். இரண்டையும் இரண்டு மாலைகளில் முடித்துவிட்டாள்.

ரெய்னா சோஃபியாவில்தான் பிக்காஸோவின் 'குவெர்னிகா' இருக்கிறது. கிட்டத்தட்ட எட்டு மீட்டர் நீளம். 1937 ஏப்ரல் 26, ஒரு சந்தை நாளில் குவெர்னிகா என்ற சிறிய ஊர் மீது விமானங்கள் குண்டு போட்டன. அதைத்தான் பிக்காஸோ வரைந்தார்.

"கறுப்பு, வெள்ளை, சாம்பல்தான்க்கா. பழைய நியூஸ் பேப்பர் மாதிரியே இருக்கு. செத்துப்போன குழந்தையை வெச்சுக்கிட்டு ஒரு அம்மா இருக்காங்க. அதுக்கு மேல என்னால பாக்க முடியல" என்று வாய்ஸ் நோட் வந்தது.

நியூஸ் பேப்பர் என்று அவள் சும்மா சொன்னாள். ஆனால் குவெர்னிகா செய்தி உலகத்துக்குத் தெரிந்ததில் ஜார்ஜ் ஸ்டீர் என்ற நிருபருக்குப் பெரிய பங்கு உண்டு. குண்டு விழுந்த இரவே எரிந்துகொண்டிருந்த ஊருக்குள் போய்ப் பார்த்தார். ஏப்ரல் 28-ம் தேதி லண்டன் 'தி டைம்ஸ்' பத்திரிகையில் அவருடைய செய்தி வந்தது. அப்போது அவருக்கு வயது 27.

நானும் இருபதுகளில் இருக்கும் நிருபர்தான். மற்றவர்கள் பார்த்ததை உட்கார்ந்த இடத்திலிருந்து திருத்தி எழுதும் நிருபர். பாப்பாவின் மீது எனக்கு இருந்த கோபத்தின் பெயர் அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்தது. அவள் காசைச் செலவழித்ததில்லை பிரச்னை. அவள் போனாள், நான் போகவில்லை. அவ்வளவுதான்.

அதை அவளிடமே சொன்னேன். ரொம்ப நேரம் கழித்து, "தெரியும்க்கா. அதனாலதான் எல்லாத்தையும் உனக்கு மட்டும் அனுப்பினேன்" என்று பதில் வந்தது.

அப்பாவின் நோட்டு

மார்ச் 22-ம் தேதி அவள் பத்திரமாகக் கெம்னிட்ஸ் திரும்பினாள். அன்றைக்கே விஷயம் உடைந்தது. அப்பா, அம்மாவை மறைத்துவிட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தீயோடு ஒரு செல்ஃபி போட்டிருந்தாள். சித்தப்பாவை மறைக்க மறந்துவிட்டாள். சித்தப்பா கடைக்கு டீ குடிக்க வந்து, "பாப்பா ஸ்பெயின்ல இருக்கா போல" என்று போனை நீட்டியிருக்கிறார்.

அப்பா இரண்டு நாள் யாரிடமும் எதுவும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போனேன். கடையை மூடிவிட்டு வந்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"மொத்தம் எவ்வளவு ஆச்சு?"

பாப்பா எனக்கு அனுப்பியிருந்த கணக்கை நான் வாசிக்க வாசிக்க, அவர் தன் நோட்டில் எழுதினார். சில்லறையை விட்டுவிட்டு, யூரோவில்:

விமானம், போக வர: 78
பார்சிலோனா விடுதி 2 இரவு, வரியோடு: 52
மெட்ரோ கார்டு: 12
வாலன்சியாவுக்கு பஸ்: 24
வாலன்சியா, இரவு தங்க: 0
மாட்ரிட்டுக்கு ரயில்: 19
மாட்ரிட் விடுதி 2 இரவு: 40
மாட்ரிட் மெட்ரோ: 12
ஆறு நாள் சாப்பாடு: 58
ஜெர்மனி ஸ்டேஷனில் கழிவறை: 1

"286-ன்னு போட்டிருக்காப்பா."

விரல் விட்டுக் கூட்டினார். "296 வருது. பத்து விட்டுட்டா." திரும்பவும் கூட்டினார். 296-தான். அன்றைய விலைக்கு இருபத்தாறாயிரத்துச் சொச்சம் ரூபாய். "ஒண்ணுக்குப் போறதுக்கு ஒரு யூரோவா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. அவருடைய விரல் ஐந்தாவது வரியில் நின்றிருந்தது.

"இது என்ன பூஜ்யம்?"

சொன்னேன். ஸ்டேஷன், குளிர், அணைந்த போன், கொலம்பியாப் பெண்கள், எல்லாமே. காலை ஆறரைக்கு நான் சொன்ன பொய்யையும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "நீ அன்னிக்கு ராத்திரி தூங்கினியா?"

"இல்லப்பா."

"அப்ப இது பூஜ்யம் இல்லம்மா. அவ எழுதல, நீ குடுத்திருக்க."

பேனாவை மூடி வைத்துவிட்டு பாப்பாவுக்கு வீடியோ கால் போட்டார். ஊர் சுற்றியதற்குத் திட்டவில்லை. தனியாகப் போனதற்குக்கூடத் திட்டவில்லை. "சொல்லிட்டுப் போயிருந்தா, ரூம் எடு, காசு நான் தர்றேன்னு சொல்லியிருப்பேன். நூறு யூரோ என்ன, பத்து நாள் டீ. அதுக்காக ஒரு ராத்திரி ரோட்டுல உக்காருவியா?" என்றார். பாப்பா அழுதாள். அழுகை நின்றதும் அப்பா மெதுவாக, "பார்சிலோனாவுல எவனோ கடையில இந்தி பேசினியாமே?" என்று கேட்டார். நான்தான் சொல்லியிருந்தேன். அந்தக் கதையை அவர் மூன்று முறை சொல்ல வைத்தார். இப்போது கடைக்கு வரும் பீகார் பையன்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

இனிமேல் எழுத வேண்டிய வரி

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் குறைந்த செலவில் ஊர் சுற்றுவதில் எந்தத் தப்பும் இல்லை. உழைத்துச் சேர்த்த காசில், இலவச மணி நேரம் பார்த்து, ரொட்டியும் தக்காளியும் தின்று ஒரு நாட்டைப் பார்த்துவிட்டு வருவது பெரிய விஷயம். என் தங்கையைப் பார்த்து எனக்குப் பெருமைதான். ஆனால் கணக்கில் எங்கேயாவது பூஜ்யம் வந்தால், அந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தச் செலவை வேறு யாரோ, வேறு ஊரில், தூங்காமல் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

பாப்பா இப்போது ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு ப்ராக் போய்வந்தாள். இந்த முறை அப்பாவிடம் சொல்லிவிட்டு, விடுதி பெயர், போன் நம்பர், ரயில் நேரம் எல்லாம் கொடுத்துவிட்டு. அவை எங்கள் கடை நோட்டில், பால் கணக்குக்குக் கீழே எழுதியிருக்கின்றன.

போன மாதம் நான் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். லண்டன் மெயில் வந்தபோது, எப்படியும் போகப் போவதில்லை என்று எடுக்காமலே விட்ட பாஸ்போர்ட். 1,500 ரூபாய். எங்கே போகப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. போலீஸ் வெரிஃபிகேஷனுக்காக ஊர் ஸ்டேஷனிலிருந்து கடைக்கு ஒருவர் வந்தாராம். எந்த நாட்டுக்குப் போகிறாள் என்று கேட்டிருக்கிறார்.

"அது அவ சொல்லுவா. சொல்லிட்டுத்தான் போவா" என்றாராம் அப்பா.